மூச்சுத் திணறலுக்கு அழகு என்று பெயர்

என் அம்மா சுங்கை வே தொழிற்சாலை வட்டாரத்தில் இருபத்திரண்டு வருடம் ஆப்பரேட்டராக இருந்தவர். அதில் பாதிக் காலம் ரிவொர்க் மேசையில். லைனில் கோளாறாகி வரும் போர்டுகளை எடுத்து, பழுதான பாகத்தைக் கழற்றி, புதிதாக ஈயம் வைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஒரே கோளாறு ஒரே ஷிப்ட்டில் திரும்பத் திரும்ப வந்தால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு லைனை நிறுத்தச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாமல் பொறுமையாகச் சரி செய்துகொண்டே இருக்கிறவள் நல்ல தொழிலாளி இல்லை, கம்பெனிக்கு நஷ்டம் வைக்கிறவள் என்பார் அம்மா. நான் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்த தரக் கட்டுப்பாடும் இதற்கு மேல் பெரிதாக எதையும் சொல்லித் தரவில்லை.

இப்போது எங்கள் வீட்டுக் கூடமே ஒரு ரிவொர்க் மேசை. வருவது போர்டு இல்லை, பக் நாய்கள். கைவிடப்பட்ட பக்குகளை மீட்டு, கொஞ்ச காலம் வீட்டில் வைத்துத் தேற்றி, தத்துக் கொடுக்கும் ஒரு சின்ன நண்பர் கூட்டத்தில் நானும் ஒருவன். ஒன்றரை வருடத்தில் நான்கு பக்குகள் எங்கள் வீட்டுக்கு வந்து போயிருக்கின்றன. இந்தக் கட்டுரை வெளியாட்களைத் திட்டுவதற்காக எழுதப்பட்டதல்ல. எங்களைத்தான் முதலில் கேட்கிறேன். லைனை நிறுத்துங்கள் என்று நாம் ஏன் சொல்வதில்லை?

முதலில் வந்தது பொம்மி. அம்மா வைத்த பெயர். தொழிற்சாலைகளுக்குப் பின்னால் லோரிகள் நிறுத்தும் இடத்தில், மூடிய அட்டைப் பெட்டிக்குள் கிடந்தது. நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஓர் அக்காதான் பெட்டியைத் திறந்திருக்கிறார். "உள்ள யாரோ மனுஷன் குறட்டை விடுற மாதிரி கேட்டுச்சி தம்பி, பயந்துட்டேன்" என்றார். ஏழு எட்டு வயதிருக்கும் என்றார் டாக்டர். முலைகள் தொங்கிப் போயிருந்தன. வயிற்றில் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி கிழித்துத் தைத்த தழும்பு. இடது கண்ணில் கறுப்புப் படலம். குட்டி போடவே வைத்திருந்து, இனி போட முடியாது என்றதும் கணக்கிலிருந்து கழித்துவிட்ட நாய் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

அதே வாரம், அதே வட்டாரத்தில், ஒரு கறுப்பு நாட்டு நாயையும் பிடித்துக்கொண்டு வந்தோம். இரண்டு வயது. நோய் நொடி இல்லை. பெயர் கறுப்பி. இரண்டு படத்தையும் ஒரே நாளில் போட்டோம். பொம்மியைக் கேட்டு இரண்டு நாளில் நாற்பது பேருக்கு மேல் செய்தி அனுப்பினார்கள். கறுப்பியைக் கேட்டு ஒருவர். அவரும் வீட்டுக் கேட்டுக்குக் காவலுக்குச் சங்கிலியில் கட்டிப்போட ஒரு நாய் வேண்டும் என்றார்.

அந்த நாற்பது பேரில் பலர் கேட்ட முதல் கேள்வி, பேப்பர் இருக்கா? அதாவது வம்சாவளிச் சான்றிதழ். அடுத்த கேள்வி, கருத்தடை பண்ணிட்டீங்களா? பண்ணிவிட்டோம் என்றதும் சிலரைக் காணோம். ஒருவர் வெளிப்படையாகவே கேட்டார், "ஒரே ஒரு தடவ குட்டி எடுத்துக்கிட்டு அப்புறம் பண்ணியிருக்கலாமே அண்ணே."

'தத்தெடுங்கள், வாங்காதீர்கள்' என்ற வாசகத்தை நாங்கள் எல்லாரும் சட்டையில் அடித்துப் போட்டுக்கொள்கிறோம். கறுப்பி விஷயத்தில் அது நியாயமான வாசகம். பக் விஷயத்தில் அதற்கு நடைமுறையில் வேறு பொருள் வந்துவிட்டது: கடையில் பல ஆயிரம் வெள்ளி கொடுத்து வாங்குவதை இங்கே சும்மா வாங்கலாம். இன்னொரு பக்கம், தேய்ந்துபோன நாயின் மருத்துவச் செலவு, சாப்பாட்டுச் செலவு எல்லாம் நம் தலையில். வளர்த்து விற்றவருக்கு லாபம் மட்டும் மிச்சம். அவருக்கு நாம் சம்பளம் வாங்காத குப்பை லோரி.

இதைச் சொன்னால் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. கிடைத்த உயிரைக் காப்பாற்றுகிறவனிடம் கணக்குக் கேட்காதே என்கிறார்கள். காப்பாற்றத்தான் வேண்டும். பொம்மியைப் பெட்டியோடு விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காப்பாற்றிய பிறகு நாம் என்ன செய்கிறோம்? தலையைச் சாய்த்து, நாக்கை நீட்டி, கர் கர் என்று மூச்சு விடுகிற அதன் காணொளியைப் போடுகிறோம். கீழே இதயக் குறிகள். எத்தனை பேர் அதைப் பார்த்துவிட்டு நேராகக் கடைக்குப் போகிறார்கள் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

அந்தக் கர் கர் என்ன என்று பார்ப்போம். மனிதர்கள் பக்கின் முகத்தைச் சுருக்கினார்கள். எலும்பு சுருங்கியது, உள்ளே இருக்கிற சதை அதே அளவுக்குச் சுருங்கவில்லை. மேலண்ணத்தின் மெல்லிய சதை நீண்டு தொண்டை வாசலை அடைக்கிறது. நாசித் துவாரம் கீறல் மாதிரி ஒட்டிக் கிடக்கிறது. அடைபட்ட குழாயில் பலமாகக் காற்றிழுத்தால் என்ன ஆகும் என்பதைப் பொறியியல் படித்தவனுக்குச் சொல்ல வேண்டாம். தொண்டைச் சதை இன்னும் உள்ளே இழுபட்டு வீங்குகிறது, வழி இன்னும் குறுகுகிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சு வழியாகத்தான் சூடு தணிய வேண்டும். அந்த வழியே அடைத்திருக்கிற ஒரு பிராணியைக் கோலாலம்பூர் வெயிலில், இந்தப் புழுக்கத்தில் வைத்து வளர்க்கிறோம்.

கண்ணும் அப்படித்தான். குழி ஆழமில்லாததால் விழி வெளியே துருத்தி நிற்கிறது. இமை சரியாக மூடாமல் விழி காய்ந்து, புண்ணாகி, கறுத்துப் போகிறது. நாம் கொஞ்சுகிற அந்தச் சுருள் வாலுக்கும் விலை உண்டு. கோணலாக உருவான முதுகெலும்புக் கண்ணிகள் இந்த இனத்தில் சாதாரணம்.

2022ல் லண்டன் ராயல் வெட்டினரி காலேஜ் ஆய்வாளர்கள் 4,308 பக்குகளின் மருத்துவப் பதிவுகளை 21,835 மற்ற நாய்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூச்சுப்பாதை அடைப்பு நோய் வரும் வாய்ப்பு பக்குக்கு ஏறக்குறைய 54 மடங்கு. ஆரோக்கியத்தைப் பொறுத்தவரை பக்கை இனிமேல் ஒரு வழக்கமான நாயாகக் கருத முடியாது என்பதுதான் அவர்கள் வந்தடைந்த முடிவு. அதே கல்லூரியில் 2012ல் வந்த இன்னோர் ஆய்வுதான் என்னை அதிகம் உறுத்தியது. மூச்சுத் திணறல் அறிகுறிகள் தெளிவாக இருந்த நாய்களின் உரிமையாளர்களில் 58 விழுக்காட்டினர், தங்கள் நாய்க்கு மூச்சுப் பிரச்சினையே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். குறட்டை விடுகிறது, இளைக்கிறது, அந்த ஜாதியே அப்படித்தானே என்று நினைத்திருக்கிறார்கள். அன்பில்லாதவர்கள் இல்லை. நோயையே சுபாவமாக எடுத்துக்கொண்டவர்கள்.

அந்த ஜாதி எப்போதும் அப்படி இருந்ததா? ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745ல் தன்னையும் தன் பக்கையும் வரைந்த ஓவியம் இருக்கிறது. இணையத்தில் தேடிப் பாருங்கள். அந்த நாய்க்கு மூக்கு இருக்கிறது. அதன் பிறகு கண்காட்சிக்கும் சந்தைக்கும் தட்டை முகம் பிடித்துப்போனதால் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்ததன் விளைவுதான் இன்றைய பக். இயற்கை செய்த வேலை இல்லை.

நம் தமிழ்க் கூட்டத்துக்குள் பக் நுழைந்த கதையும் சந்தைக் கதைதான். 2003ல் இந்தியாவில் ஹட்ச் கைப்பேசி விளம்பரம் வந்தது. ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் பின்னாலேயே போகும் ஒரு பக். அழகான விளம்பரம், நானும் மறுக்கவில்லை. தமிழ்நாட்டில் இன்றும் பலருக்கு அது 'ஹட்ச் நாய்', 'வோடஃபோன் நாய்'. ஒரு பிராணியின் பெயரே கம்பெனிப் பெயராகிவிட்டது. எங்கள் சித்தப்பா முதல்முறை பொம்மியைப் பார்த்ததும் "அட, விளம்பரத்து நாய்!" என்றுதான் சொன்னார். அந்தச் சிறுவனுக்குப் பின்னால் உண்மையான பக் எவ்வளவு தூரம் இளைக்காமல் ஓடும் என்று யார் யோசித்தார்கள்?

அதே தமிழ்நாட்டில் 2024ல் மாநில அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. அந்தத் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத வெளிநாட்டு இனங்கள் என்று ஒரு பட்டியல் போட்டு, அவற்றை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. பட்டியலில் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு ஆகியவற்றோடு பக்கும் இருந்தது. கொள்கை நீதிமன்றம் வரை போனது தனிக் கதை. ஆனாலும் இந்த வெயிலில் இந்த நாயை உற்பத்தி செய்வது தப்பு என்று ஓர் அரசாங்கம் எழுத்தில் சொல்லிவிட்டது. குளிர் நாடான நெதர்லாந்தே 2019ல் ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தது. மூக்கின் நீளம் தலையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தால் அந்த நாயை வைத்துக் குட்டி எடுக்கக் கூடாது. ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். எனக்கு அந்த எளிமை பிடித்திருக்கிறது.

மலேசியாவிலும் ஒரு பட்டியல் உண்டு. பிட்புல், தோசா, அகிதா போன்றவற்றை இறக்குமதி செய்யத் தடை. மனிதனுக்கு ஆபத்தான நாய்கள். பிறப்பதே தனக்கு ஆபத்தாக இருக்கிற நாய்களுக்கு நம்மிடம் பட்டியல் இல்லை. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் நல்ல சட்டம். கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 1 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். நாயை உதைத்தவரை அந்தச் சட்டத்தில் பிடிக்கலாம். மூச்சுவிட முடியாத நாயையே வரிசையாகப் பிறக்க வைப்பவரை என்ன செய்வது? மூக்கின் நீளம் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

நியாயமான மறுப்பு ஒன்று உண்டு. நாங்கள் பிளாட்டில் இருக்கிறோம், அக்கம்பக்கத்தில் எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள், பெரிய நாட்டு நாயை எப்படி வைத்துக்கொள்வது, பக் சின்னது, சத்தம் போடாது, ஓடாது என்கிறார்கள். கறுப்பி விடியற்காலையில் குரைத்து ஓர் ஆன்ட்டியிடம் நானே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தச் சிரமம் எனக்குத் தெரியும். ஆனால் பக் ஓடாது என்பது அதன் நல்ல குணம் இல்லை. அதால் ஓட முடியவில்லை. நம் வீட்டு அளவுக்குத் தோதாக ஒரு பிராணியின் மூச்சைக் குறைத்து வைத்திருக்கிறோம். நாய்க்கு இடமில்லாத வீட்டில் நாய் வேண்டாம். அப்படி முடிவெடுப்பதும் அன்புதான்.

பொம்மிக்கு மூக்குத் துவாரத்தையும் அண்ணச் சதையையும் சரிசெய்ய அறுவை சிகிச்சை செய்தோம். என் ஒரு மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனது. வீட்டுக்குக் கொண்டுவந்து சில நாள் கழித்து, ஒருநாள் நடுராத்திரி அம்மா என்னை உலுக்கி எழுப்பினார். "டேய், சத்தத்தையே காணோம்டா. செத்துப் போச்சா பாரு." ஓடிப் போய்ப் பார்த்தோம். சுவரோரமாக வாயை மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. அது அப்படித் தூங்கி நாங்கள் பார்த்ததே இல்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ இத்தன நாளும் இது தூங்கவே இல்லியாடா?" என்று கேட்டார்.

எங்கள் கூட்டத்துக்கு நான் வைக்கும் கோரிக்கைகள் இவைதான். கருத்தடை செய்யாமல் ஒரு பக்கையும் வெளியே கொடுக்கக் கூடாது, எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி. பேப்பர் கேட்கிறவருக்குக் கொடுக்கக் கூடாது. மூச்சிரைக்கும் காணொளியை அழகு என்று போடக் கூடாது. போட்டால் இது நோய் என்றும், சிகிச்சைக்கு எவ்வளவு செலவானது என்றும் கூடவே எழுத வேண்டும். தத்தெடுக்க வருகிறவரிடம் தழும்பையும் கண்ணையும் முதலில் காட்ட வேண்டும். மீட்ட ஒவ்வொரு நாயின் மருத்துவப் பதிவையும் சேர்த்துக் கால்நடைச் சேவைத் துறைக்கு அனுப்ப வேண்டும், பதில் வராவிட்டாலும் மறுபடி அனுப்ப வேண்டும். ஒரே கோளாறு எத்தனை தடவை வந்தது என்று எழுதி வைக்காத ரிவொர்க் மேசையால் யாருக்கும் பிரயோஜனமில்லை.

வாசகருக்கும் ஒன்று. பக்கைத் தத்தெடுக்க நினைத்தால் தாராளமாக எடுங்கள். ஒரு நோயாளியை வீட்டுக்கு அழைத்துப் போகிறோம் என்று தெரிந்து எடுங்கள். அது செத்தபிறகு அந்த இடத்தில் வைக்க இன்னொரு பக்கைக் கடையில் தேடாதீர்கள்.

பொம்மியை நாங்களே வைத்துக்கொண்டோம். கறுப்பி இன்னமும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஒன்றரை வருடமாகிறது. தினமும் சாயங்காலம் தாமான் பூங்காவை நான்கு சுற்று ஓடுகிறது, கொஞ்சமும் இளைக்காமல். வேண்டுமென்பவர்கள் எழுதலாம். சங்கிலி வேண்டாம்.