கண் ஊசி: வலித்ததா என்று கேளுங்கள்

சர்க்கரை நோயால் விழித்திரையில் நீர் கோத்தவர்களுக்கும், வயதானதால் விழித்திரையின் மையம் பழுதுபட்டவர்களில் ஒரு பகுதியினருக்கும் இன்று பார்வையைக் காப்பது பெரும்பாலும் கண்ணுக்குள் போடும் ஊசிதான். அது ஒரு தடவையோடு முடிவதில்லை. பெரும்பாலும் மாதம் ஒன்றாகத் தொடங்கி, பலருக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. முதல் ஊசியில் துடித்துப்போனவர் அடுத்த தவணைக்கு வரத் தயங்குவார். தவணை தவறினால் நீர் மறுபடி சேரலாம். போன பார்வை முழுதாகத் திரும்பாமலே போகலாம். வலியைக் குறைப்பதும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். அதை நோயாளியின் பொறுமைக்கு விட்டுவிடுவது தவறு.

நவீன மருத்துவத்தில் உடலின் ஓரிடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறையே கண்ணில்தான் தொடங்கியது. 1884இல் வியன்னாவின் கார்ல் கோலர் கொக்கெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டு அதைக் காட்டினார். இன்று புரோபராகெய்ன் சொட்டு மருந்து இருக்கிறது. அரை நிமிடத்தில் கண்ணின் மேற்பரப்பு மரத்துவிடும். ஆனால் ஊசி துளைப்பது அதற்கும் கீழே உள்ள வெள்ளைப் படலத்தை. அதனால் சிலர் லிடோகெய்ன் என்ற மரப்பு மருந்தில் நனைத்த பஞ்சை ஊசி இறங்கும் இடத்தில் அழுத்திப் பிடிக்கிறார்கள். சிலர் லிடோகெய்ன் ஜெல் தடவிச் சில நிமிடம் காத்திருக்கிறார்கள். வெள்ளைப் படலத்தின் மேல் உள்ள மெல்லிய சவ்வுக்கு அடியில் லிடோகெய்னைச் சிறு ஊசியாகப் போட்டால் பிரதான ஊசியின் வலி பலருக்குக் குறைகிறது. ஆனால் அந்தச் சிறு ஊசியே சுருக்கென்று குத்தும். இடம் வீங்கலாம், ரத்தம் கட்டிச் சிவந்து வீட்டாரைப் பயமுறுத்தலாம்.

இவற்றை ஒப்பிட்ட ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. பெரும்பாலோருக்குச் சொட்டு மருந்தே போதும் என்பது நம் கருத்து. ஆனால் அதை ஒருமுறை விட்டதும் அவசரமாகக் குத்தக் கூடாது. அதையும் மீறி வலிக்கிறவருக்கு அடுத்த முறை பஞ்சோ ஜெல்லோ சிறு ஊசியோ கொடுக்க வேண்டும். வரிசையில் ஆள் காத்திருப்பது இதை மறுக்கக் காரணமாகாது.

ஜெல் பயன்படுத்துவோர் ஒன்றில் கறாராக இருக்க வேண்டும். ஜெல் படிந்த இடத்தில் பெட்டடைன் என்ற கிருமிநாசினி சரியாகப் படாமல் கிருமி தப்பிவிடலாம். கண்ணுக்குள் தொற்று அரிதுதான், ஆனால் வந்தால் பார்வையையே பறிக்கும். எனவே ஜெல்லுக்கு முன்பே பெட்டடைன் விட வேண்டும். ஊசிக்குச் சற்று முன் இன்னொரு முறையும் விட வேண்டும்.

அன்று மாலை வீட்டில் கண் எரிந்து நீர் கொட்டுவதற்குப் பெரும்பாலும் இந்தப் பெட்டடைன்தான் காரணம். ஊசி முடிந்ததும் கண்ணை நன்றாகக் கழுவிவிட்டால் அந்த எரிச்சல் பெருமளவு தணியும். ஒரு நிமிட வேலை அது. அதற்குப் பெரிய செலவும் இல்லை.

ஊசி போட்டவுடன் "எவ்வளவு வலித்தது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள்" என்று ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். அந்த எண்ணையும், மரத்துப்போகக் கையாண்ட முறையையும், அடுத்த தேதி எழுதும் அதே சீட்டில் எழுதித் தர வேண்டும். அரசு மருத்துவமனைகளும் தனியார் மருத்துவமனைகளும் இதை இந்த மாதமே தொடங்கலாம்.