பிச்சாவரத்துக்கு யார் போவது, தோழர்களே?

எழுந்து வாருங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அல்ல. இப்போது.

மாற்றுத்திறனாளி மனைவியின் ஊன்றுகோலைப் பிடுங்கி எட்டாத இடத்தில் வைக்கிறான். அது வன்முறை. உதவித்தொகை வரும் ஏடிஎம் அட்டையை மாமியார் முந்தானையில் முடிந்துகொள்கிறாள். அது வன்முறை. மாத்திரையை ஒளிக்கிறார்கள். கழிப்பறைக்குத் தூக்கிப் போகாமல் பொழுதெல்லாம் ஈரத்தில் கிடத்துகிறார்கள். அதுவும் வன்முறை. தெரு என்ன சொல்கிறது? "பாவம், இவளையும் வெச்சிப் பாத்துக்கிறாங்களே!"

அந்தச் சொல்லை நாமும் சொன்னோம் என்றால் நாமும் அடிக்கிறோம், தோழர்களே.

கிள்ளையிலிருந்து, பிச்சாவரத்திலிருந்து, உப்பனாற்று ஓரக் குடிசைகளிலிருந்து அவள் எப்படி வெளியே வருவாள்? மகளிர் காவல் நிலையம் சிதம்பரத்தில். மாவட்டச் சமூக நல அலுவலகம் கடலூரில். பேருந்தில் ஏற்றிவிடுகிறவன் யார்? அடித்தவன். காது கேளாதவளின் சைகையைக் காவலருக்கு எடுத்துச் சொல்கிறவன் யார்? அதே அடித்தவன். "ஒண்ணுமில்லீங்க, வீட்டுச் சண்டை" என்கிறான். எழுதினார்கள். கைநாட்டு வாங்கினார்கள். அவனோடேயே அனுப்பினார்கள்.

நம்மிடம் வந்தால் மட்டும் என்ன வாழ்கிறது? மாதர் அமைப்பு சொல்கிறது: "மாற்றுத்திறனாளிகள் சங்கத்துக்குப் போம்மா." சங்கம் சொல்கிறது: "குடும்ப விஷயம், மாதர் அமைப்புக்குப் போம்மா." காப்பக வாசலில் ஏழு படி. சாய்தளம் இல்லை. "கூடத் துணைக்கு ஆள் இருந்தாத்தான் சேர்ப்போம்." துணைக்கு இருந்தவன்தானே அடித்தான்! எங்கே போவாள்? திரும்பிப் போவாள். அந்த வீட்டுக்கே.

இரக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. பயிற்சி இல்லை. பயிற்சி இல்லாத இரக்கம் அவளை மறுபடி அதே கையில் ஒப்படைக்கிறது.

சட்டம் கையில் இருக்கிறது, தோழர்களே! குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்தது. பெண்களின் உரிமையைக் காக்கும், பதிவு பெற்ற தொண்டு அமைப்பு எதுவும் அரசிடம் சேவை வழங்குநராகப் பதிந்துகொள்ளலாம். பதிந்தால், அவள் விரும்பினால், குடும்ப நிகழ்வு அறிக்கையை நாமே எழுதலாம். மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப் போகலாம். காப்பகத்தில் சேர்க்கலாம். அது நம் கடமை.

அவள் ஏன் வீட்டை விட்டு ஓட வேண்டும்? இதைத்தான் நாம் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். பார்வையற்ற பெண்ணுக்கு அந்த வீட்டின் ஒவ்வொரு சுவரும் விரலுக்குத் தெரியும். அடுப்பு எங்கே, குடம் எங்கே, படி எங்கே என்று கால் அறியும். புது இடத்தில் அவள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதே சட்டப்படி, சேர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை அவளுக்கு இருக்கிறது. அடித்த ஆணை வெளியேறச் சொல்லி உத்தரவிட நீதித்துறை நடுவருக்கு அதிகாரம் இருக்கிறது. அவன் வெளியேறட்டும்!

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அதன் 7-ஆம் பிரிவின்படி, கொடுமை நடப்பதாக அறிந்த எவரும், எந்தப் பதிவு பெற்ற அமைப்பும், நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம். மீட்க உத்தரவிடலாம் அவர். "நமக்கெதுக்கு வம்பு, கேஸ் நம்ம மேல வரும்" என்று யாராவது இழுத்தால் சொல்லுங்கள்: நல்லெண்ணத்தோடு குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொன்னவர் மீது உரிமையியல் வழக்கும் வராது, குற்றவியல் வழக்கும் வராது. 2005 சட்டத்தின் 4-ஆம் பிரிவு. அச்சத்துக்குச் சாக்கு இல்லை.

எனவே கற்போம். உடனே கற்போம்.

அவளிடம் பேசக் கற்போம். கூட வந்தவரிடம் அல்ல, அவளிடம். தனியாக. அடித்தவன் வீட்டார் ஒருவரையும் மொழிபெயர்ப்புக்கு வைக்காதிருக்கக் கற்போம். சைகை மொழி தெரிந்தவரைத் தேடி வைப்போம். பள்ளிக்கே போகாதவளுக்கு வீட்டுச் சைகை மட்டும்தான் தெரியும். அப்போது படம் வரைந்து, பொறுமையாக, எத்தனை நேரமானாலும் கேட்போம். பேச முடியாதவள் நீதிமன்றத்தில் சைகையால் சொல்வதும் வாய்மொழிச் சாட்சியமே. இதைக் காவலருக்குச் சொல்லும் துணிச்சல் நமக்கு வேண்டும்.

"புத்தி சரியில்லாதவ" என்று அவள் சொல்லைத் தள்ளுவார்கள். தள்ள விடாதீர்கள். கேள்வி புரிந்து பதில் சொல்ல முடிந்தால் அவள் சாட்சி. மனநோய் என்ற ஒரே காரணம் அவள் வாயை அடைக்காது.

தப்பிக்கும் நாளுக்கு முன்கூட்டியே திட்டமிடக் கற்போம். ஊன்றுகோல், மாத்திரைச் சீட்டு, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வங்கிப் புத்தகம். இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் அவள் மறுபடி அவன் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டி வரும். 181 மகளிர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். பேச வராதவளுக்காக அந்த எண்ணை யார் அழுத்துவது? நாம். இலவசச் சட்ட உதவிக்கு அவளை யார் கூட்டிப் போவது? பெண் என்பதாலும் உரிமை உண்டு, மாற்றுத்திறனாளி என்பதாலும் உரிமை உண்டு, வருமானச் சான்று கேட்கக் கூடாது என்று மேசையில் அடித்துச் சொல்ல யார் இருக்கிறார்கள்? நாம்!

முடியாது என்று சொல்லாதீர்கள். 1992-ல் அண்ணாமலை நகர் காவல் நிலையத்துக்குள் ஒரு பெண்ணுக்கு நடந்த கொடுமைக்கு எதிராக இதே சிதம்பரத்தில் மாதர் சங்கத் தோழர்கள் தெருவில் இறங்கினார்கள். காக்கிச் சட்டைக்காரர்களுக்குத் தண்டனை கிடைக்கும்வரை ஓயவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இதே கிள்ளைக் கரையில் வீடு வீடாக ஏறி இறங்கினோம். அன்று போன கால்கள்தானே இவை?

மாதர் சங்கமும் மாற்றுத்திறனாளிகள் சங்கமும் ஒரே பாயில் உட்காரட்டும். பயிற்சி நடத்துவது மாற்றுத்திறனாளிப் பெண்களாகவே இருக்கட்டும். நாம் கேட்கும் வரிசையில் உட்காருவோம். சுய உதவிக் குழுத் தோழர்கள் வரட்டும். அங்கன்வாடித் தோழர்கள் வரட்டும். எந்த வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியிருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

சைகை மொழி கற்க இரண்டு பேர் வேண்டும். அறிக்கைப் படிவம் எழுத மூன்று பேர். காப்பகங்களுக்கு நேரில் போய்ச் சாய்தளம் கேட்டு மனுக் கொடுக்க ஒரு குழு. நள்ளிரவில் தொலைபேசி அடித்தால் கிள்ளைக்கு ஆட்டோவோடு கிளம்ப ஒருவர். கை தூக்குங்கள், தோழர்களே. பெயர் எழுதிக்கொள்கிறோம்.