அவளே விரும்பித்தான் எடுத்தாளாம்

ஓஎல் பெறுபேறு வந்ததும் எங்கள் கிழக்குக் கரையோர வீடுகளில் நடக்கும் பேச்சு ஊருக்கு ஊர் மாறுவதில்லை. நிந்தவூரானாலும் ஒலுவிலானாலும், பாலமுனையானாலும் அட்டாளைச்சேனையானாலும் அதே பேச்சுத்தான். மகன் கணிதத்தில் ஏ எடுத்திருந்தால், "மெத்ஸ் செய்யட்டும், இஞ்சினியராகலாம்." மகள் அதே ஏ எடுத்திருந்தால், "பயோ செஞ்சு பாக்கட்டும். ஏலாட்டி ஆர்ட்ஸ். டீச்சர் வேல கெடச்சாக் காணும்." கணித வகுப்பில் பெண் பிள்ளைகள் ஏன் இத்தனை குறைவு என்று பிறகு யாராவது கேட்டால், வாப்பாவும் அதிபரும் டியூசன் மாஸ்டரும் பேசி வைத்தாற்போல் ஒன்றையே சொல்வார்கள்: "நாங்க ஒண்டும் சொல்லல்ல. அவளே விரும்பித்தான் எடுத்தாள்."

இந்த ஒரு வசனம் எத்தனை பேரைக் காப்பாற்றிவிடுகிறது! இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் தராத கல்வி அலுவலகம் தப்பிவிடுகிறது. மாலை வகுப்புக்கு விடாத வீடு தப்பிவிடுகிறது. தரம் 10இல் பாடத் தெரிவு வரும்போது பெண் பிள்ளைகளைக் கேட்காமலே மனையியல் பக்கம் தள்ளிவிட்ட பாடசாலையும் தப்பிவிடுகிறது. பொறுப்பு முழுவதும் பதினாறு வயதுப் பிள்ளையின் விருப்பத்தின் தலையில்.

கொஞ்சம் படித்தவர்கள் இதற்கு விஞ்ஞானப் பூச்சும் பூசுவார்கள். பெண்ணின் மூளை மனனத்துக்கும் மொழிக்கும் வாய்த்தது, கணக்கு ஆணுக்கு இயல்பு என்பார்கள். இதை உடைக்க வெளிநாட்டு ஆய்வைத் தேடிப் போக வேண்டியதில்லை. நமது உயர்தரப் பரீட்சை மண்டபமே போதும். மருத்துவ பீடத்துக்குப் போக விரும்பும் பிள்ளை உயிரியல், பௌதிகவியல், இரசாயனவியல் எழுத வேண்டும். பொறியியல் பீடத்துக்குப் போக விரும்பும் பிள்ளை இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் எழுத வேண்டும். பௌதிகவியல் வினாத்தாள் இருவருக்கும் ஒன்றே, இரசாயனவியல் வினாத்தாளும் ஒன்றே. இன்று இலங்கையின் மருத்துவ பீடங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். அப்படியென்றால் மின்சுற்றையும் வெப்பவியலையும் பயோ வகுப்பில் இருந்தால் விளங்கிக்கொள்ளும் பெண் மூளை, மெத்ஸ் வகுப்பின் கதவைத் தாண்டியதும் மரத்துப்போகிறதா? கீழ் வகுப்புகளின் கதையும் இதுதான். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசிய கல்வி ஆராய்ச்சி மற்றும் மதிப்பீட்டு நிலையம் நடத்திவந்த கணித மதிப்பீடுகளில் பெண் பிள்ளைகளின் சராசரி ஆண் பிள்ளைகளுடையதைவிட உயர்ந்தே வந்திருக்கிறது. மூளையை விட்டுவிடுவோம். அது இந்த வழக்கில் நிரபராதி.

அடுத்து வருவது புள்ளிவிபர வாதம். "கெம்பசுக்குப் போய்ப் பாருங்க, எங்க பாத்தாலும் பொம்புளப் புள்ளைகள்தான். இன்னும் என்ன சமத்துவம் வேணும்?" உண்மைதான். 1945இல் இலவசக் கல்வி வந்த நாட்டில், பல்கலைக்கழக அனுமதி பெறுவோரில் பத்தில் ஆறு பேருக்கு மேல் பெண்கள் என்பது சின்னச் சாதனை இல்லை. ஆனால் அந்தத் தொகையைப் பீடம் பீடமாகப் பிரித்துப் பாருங்கள். கலைப் பீடங்களில் ஐந்தில் நால்வர் அளவுக்குப் பெண்கள். பொறியியல் பீடங்களில் அது நான்கில் ஒருவரைச் சுற்றியே நிற்கிறது. கெம்பசுக்கு வெளியே, வேலை உலகில் நிலைமை இன்னும் மோசம். இலங்கைப் பெண்களில் வேலை செய்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்தே மூன்றில் ஒரு பங்கினர்தான். ஆண்களில் அது மூன்றில் இரண்டுக்கும் மேல். கெம்பஸ் வாசலில் நின்று தலைகளை எண்ணுபவர், அந்தத் தலைகள் நாலு வருடத்தின் பின் எங்கே போகின்றன என்றும் எண்ண வேண்டும்.

"ஆர்ட்ஸ் செய்தால் பக்கத்திலேயே படிக்கலாம், பக்கத்திலேயே வேலை" என்பது மூன்றாவது. இதில் பாலமுனைக்கு ஒரு வேடிக்கை உண்டு. யுத்த காலத்தில் வந்தாறுமூலை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் படிக்க முடியாமற்போன பிள்ளைகளுக்காக 1995இல் அட்டாளைச்சேனையில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1996இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் ஒலுவிலில் இருக்கிறது. அன்றைய அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃப் இதற்காகப் பட்ட பாட்டை இப்பகுதியில் அறியாதவர் இல்லை. பாலமுனைக்கு ஒலுவில் அடுத்த ஊர். அங்கே கலை கலாசார பீடமும், இஸ்லாமிய கற்கைகள் பீடமும் இருப்பதுபோல் பொறியியல் பீடமும் இருக்கிறது, தொழில்நுட்ப பீடமும் இருக்கிறது. பக்கம் என்பதுதான் காரணமென்றால் அவையும் அதே வளாகத்தில்தான். "அனுமதி அங்கதான் கெடைக்கும் எண்டு என்ன நிச்சயம், மொறட்டுவைக்குப் போட்டா?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் மருத்துவத்துக்கு யாழ்ப்பாணம், ராகமை, காலி என்று எங்கே போட்டாலும் மகளோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் அதே வாப்பாதான் இதைக் கேட்கிறார். தூரம் தடையா என்பதைப் பாதையின் நீளம் தீர்மானிப்பதில்லை. போகிற வேலைக்கு ஊர் தரும் மதிப்புத்தான் தீர்மானிக்கிறது.

பக்கத்தில் வேலை என்பதோ பழங்கதை. கலைப் பட்டதாரிகள் நியமனம் கேட்டு வீதியில் இருந்த காலங்களை நாம் கண்டிருக்கிறோம். 2020இல் அரசு பல்லாயிரம் பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்த்தபோது, அவர்களில் பலர் படித்ததற்கும் செய்த வேலைக்கும் தொடர்பே இருக்கவில்லை. கல்வியியற் கல்லூரி முடித்தவர்களுக்கு முதல் நியமனம் வெளிமாகாணத்தில் விழுவதும், கைக்குழந்தையோடு இடமாற்றத்துக்கு அலைவதும் கிழக்கில் யாருக்கும் புதினமில்லை. அப்போது மட்டும் தூரம் பரவாயில்லையாம், கவுண்மன்ட் வேலையல்லவா!

இனி, இக்கரைக்கே உரிய விடயத்துக்கு வருகிறேன். இதைத்தான் யாரும் பேசுவதில்லை. பெண் பிள்ளையின் படிப்புக்குச் செலவழிப்பது வீண், அவள் வேறொரு வீட்டுக்குப் போகப் போகிறவள் என்று தென்னாசியாவின் பல பகுதிகளில் சொல்லிவந்திருக்கிறார்கள். அது கொடிய வாதம், ஆனாலும் அந்த ஊர்களின் வழக்கத்தில் அதற்கு ஒரு கணக்கு இருந்தது. நம் ஊரில் அந்தக் கணக்கும் இல்லை. மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுவரை தாய்வழிக் குடிமுறை ஊறிய கரை இது. வீடு மகளுக்கு, வந்து குடியிருப்பவர் மாப்பிள்ளை. உம்மா அதே வளவில், ராத்தா அடுத்த வளவில். வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பிள்ளை பார்க்க ஆள் இல்லை என்ற பிரச்சினையை உலகின் பணக்கார நகரங்கள் கோடி கொட்டியும் தீர்க்க முடியாமல் திண்டாடுகின்றன. நமது மூத்தம்மாமார் அதை எப்போதோ தீர்த்து வைத்துவிட்டார்கள். பெண் பொறியியலாளர் ஒருத்தி தொழிலும் குடும்பமும் நடத்த இதைவிடத் தோதான ஏற்பாடு வேறெங்கே கிடைக்கும்? அந்தக் கரையில் இருந்துகொண்டு, "குடும்பம் பாக்கணும், அதனால டீச்சர் வேலதான் சரி" என்கிறோம்.

இந்தச் சீதன வீட்டுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அந்த வீட்டைக் கட்டுவது யார்? வாப்பாவின் உழைப்பு போதாதபோது காக்காவும் தம்பியும். ஓஎல் முடிந்ததும் முடியாததுமாகக் கத்தாருக்கும் சவூதிக்கும் போன பையன்களில் எத்தனை பேர் தங்கச்சியின் கூரைக்காகப் போனார்கள் என்று எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். உயர்தர வகுப்பில் பையன்கள் குறைவதைப் பார்த்துவிட்டு, "பொடியன்மார்தான் பாவம், பொம்புளப் புள்ளைகள் முன்னேறிட்டாங்க" என்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். பையனை வகுப்பிலிருந்து இழுத்ததும், பெண்ணைக் கலைப் பிரிவில் உட்கார்த்தியதும் அதே கலியாணக் கணக்கு. அவன் உழைத்து வீடு கட்ட வேண்டும். அவள் வீட்டோடு பொருந்தும் ஓர் உத்தியோகம் எடுக்க வேண்டும், அதைக் காட்டிச் சீதனப் பேச்சில் கொஞ்சம் இறக்கிக் கேட்கலாம். இருவரில் யாரிடமும் என்ன படிக்க ஆசை என்று எவரும் கேட்கவில்லை.

அறபு, முஸ்லிம் நாடுகளை முன்மாதிரி காட்டிப் பேசுபவர்களுக்கு ஒரு செய்தி. அல்ஜீரியாவில் பொறியியல் பட்டம் பெறுவோரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் பெண்கள். துனீசியாவிலும் ஓமானிலும் பத்தில் நான்கு பேருக்கு மேல். ஓமானிலும் பஹ்ரைனிலும் எட்டாம் வகுப்புக் கணிதத்தில் பெண்கள் ஆண்களை முந்துவது சர்வதேசப் பரீட்சைகளில் திரும்பத் திரும்பப் பதிவானது. 2014இல் கணிதத்தின் மிகப் பெரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தைப் பெற்ற முதற் பெண் ஈரானின் மர்யம் மிர்ஸாகானி. நமது பரிசளிப்பு விழா மேடைகளிலோ, ஃபெஸ் நகரத்துப் பாத்திமா அல்ஃபிஹ்ரி பல்கலைக்கழகம் கட்டிய கதையை உருக்கமாகச் சொல்லிவிட்டு, கீழே இறங்கி வந்து, "உங்கட மகளுக்கு மெத்ஸ் கஷ்டமா இருக்குமே" என்று ஆலோசனையும் தருகிறார்கள்.

இலங்கையின் முதற் பெண் பொறியியலாளர் ஒரு தமிழ்ப் பெண், பிரேமளா சிவப்பிரகாசபிள்ளை. 1960களில் பட்டம் பெற்றவர். பொறியியலாளர்கள் இருந்த வீட்டில் வளர்ந்தவர். விருப்பம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு அது ஒரு தடயம். பார்த்த தொழிலைத்தான் பிள்ளை விரும்பும். பாலமுனையில் ஒரு பெண் பிள்ளை தன் வாழ்நாளில் எத்தனை டீச்சர்மாரைக் கண்டிருப்பாள், எத்தனை பெண் இஞ்சினியரைக் கண்டிருப்பாள்? இலங்கையின் அரச பாடசாலை ஆசிரியர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள். அவள் கண்ட உலகத்திலிருந்து ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். அதற்கு விருப்பம் என்று பெயர் வைத்துவிட்டு நாம் போய்விடுகிறோம்.

கலைப் பிரிவை நான் இழிவாகச் சொல்லவில்லை. தமிழையும் வரலாற்றையும் அரசியல் விஞ்ஞானத்தையும் உயிராய்ப் படிக்கும் பெண்கள் உண்டு, அவர்கள் படிக்கட்டும். ஆனால் தமிழ் இலக்கியத்தில் பைத்தியமான பையனைக் கணித வகுப்பில் அடைத்து மூன்று தரம் பரீட்சை எழுதவைக்கும் அதே ஊர், பெண்ணுக்கு மட்டும் சுதந்திரம் கொடுத்துவிட்டதாகச் சொல்வதை நம்பச் சொல்லாதீர்கள்.

விரும்பும் பெண்ணுக்கும் வழி லேசில்லை. உயர்தர விஞ்ஞான, கணித வகுப்புகள் 1ஏபி தரப் பாடசாலைகளில்தான் நடக்கும். நாட்டிலுள்ள பத்தாயிரம் பாடசாலைகளில் அவை பத்தில் ஒன்றளவே. வகுப்பு இருந்தாலும் இணைந்த கணிதத்தை டியூசன் இல்லாமல் தாண்டுவது கடினம் என்பது ஊரறிந்தது. நல்ல வகுப்புகள் அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும், அதுவும் அஸருக்குப் பின். மஃரிப் பாங்கு சொல்லும்போது மகள் வீட்டில் இருக்க வேண்டும் என்ற சட்டம் பையனுக்கு இல்லை. அந்த மாலை நேரம்தான் பாடத் தெரிவின் பாதியைத் தீர்மானிக்கிறது. வகுப்பைச் சனி ஞாயிறு பகலுக்கு மாற்றுவது மாஸ்டர்மாரின் கையில். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வேன் ஒழுங்குசெய்வது பள்ளிவாசல் நிருவாகத்தின் கையில். கணித ஆசிரியரைக் கேட்டு வலயக் கல்வி அலுவலகத்தின் கதவைத் தட்டுவது பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கையில். காசுக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள், ஆள் ஏறாத மேல்மாடிக்குச் சீதன வீடுகளில் பதிக்கும் டைல்ஸ் கணக்கை ஒருதரம் கூட்டிப் பார்க்கட்டும்.