மெக்னாலி போடாத கையெழுத்து

பேஸ்பால் வரலாற்றின் தலைசிறந்த பிட்சர் வரிசைகள் எவை என்று தரம் பிரித்த ஒரு பட்டியலை நண்பர் அனுப்பியிருந்தார். வாரம் முழுக்க அந்த எரிச்சல் என்னை விடவில்லை. 1971ஆம் ஆண்டின் பால்டிமோர் ஓரியோல்ஸுக்கு அதில் எட்டாவது இடம். அதையாவது பொறுத்துக்கொள்வேன். டேவ் மெக்னாலிக்கு அரை வரி மட்டும் ஒதுக்கியிருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் ஓரியோல்ஸ் பற்று புதிதல்ல. இந்த வாரமும் அதே பாட்டுதான். ஆனால் காரணம் வேறு.

முதலிடத்தில் எனக்குச் சண்டை இல்லை. கிரெக் மேடக்ஸ், டாம் கிளாவின், ஜான் ஸ்மோல்ட்ஸ் என்று மூவரை ஒரே அணியில் வைத்திருந்த தொண்ணூறுகளின் அட்லாண்டா பிரேவ்ஸுக்கு நிகர் கிடையாது. 1991 முதல் 1998 வரையிலான எட்டு ஆண்டுகளில் நேஷனல் லீகின் சை யங் விருது ஏழு முறை இந்த மூவரில் ஒருவருக்கே போனது. அதில் 1992ஆம் ஆண்டு விருதை மட்டும் மேடக்ஸ் சிகாகோ கப்ஸுக்காக வீசி வாங்கினார். அதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். 111 ஆட்டங்களை வென்றுவிட்டு, உலகத் தொடரில் நாலுக்கு நாலும் தோற்ற 1954ஆம் ஆண்டின் கிளீவ்லாந்தும் பட்டியலில் உண்டு. அதுவும் நியாயமே.

ஓரியோல்ஸுக்கு வருவோம். மெக்னாலி 21, ஜிம் பால்மர் 20, மைக் குவெய்யார் 20, பாட் டாப்சன் 20. அணி வென்ற 101 ஆட்டங்களில் 81 இந்த நால்வர் கணக்கில். ஒரே அணியில் நாலு பேர் இருபதைத் தொட்டது அதற்கு முன் 1920இல் சிகாகோ ஒயிட் சாக்ஸில் மட்டுமே நடந்தது. அந்த நால்வரில் இருவர் சூதாட்ட வழக்கில் சிக்கி, சீசன் முடியும் முன்பே நீக்கப்பட்டார்கள். வெற்றிக் கணக்கை வைத்து பிட்சரை எடைபோடக் கூடாது, பின்னால் புரூக்ஸ் ராபின்சனும் மார்க் பெலாஞ்சரும் நின்றால் யார் வீசினாலும் பந்து தாண்டாது என்பார்கள். பாதி உண்மை. ஆனால் மெக்னாலி அந்த ஆண்டு கைவலியால் பல வாரங்கள் ஆடவே இல்லை. அப்படியிருந்தும் 21.

மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் ஊர்க்காரர். மின்னல் வேகம் கிடையாது. பேட்டரின் பொறுமையைச் சோதித்து வீசும் இடது கை. 1966 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் டான் டிரைஸ்டேலை 1-0 என்று வென்றார். 1970 தொடரில் பேட் பிடித்து கிராண்ட் ஸ்லாம் அடித்தார். உலகத் தொடரில் அதைச் செய்த பிட்சர் இன்றுவரை அவர் ஒருவரே.

ஆனால் அவரை நான் கொண்டாடுவது இதற்கெல்லாம் அல்ல. 1975ஆம் ஆண்டுக்காக.

அந்தக் காலத்து ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு இருந்தது. அவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் அணி தானாகவே ஓராண்டு புதுப்பித்துக்கொள்ளலாம். அந்த ஓராண்டு முடிந்ததும்? மறுபடி புதுப்பிக்கலாம், அதற்குப் பிறகும் புதுப்பிக்கலாம் என்பது முதலாளிகளின் வாசிப்பு. ஆக, விற்கும்வரை அல்லது விலக்கும்வரை ஆட்டக்காரர் அந்த அணியின் சொத்து. கூஃபாக்ஸும் டிரைஸ்டேலும் 1966 வசந்தத்தில் சேர்ந்து நின்று சம்பளம் கேட்ட கதையை இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். அத்தனை பெரிய பிட்சர்களுக்கே வேறு அணிக்குப் போகும் வழி இல்லை. கடைசியில் பழைய அணியிலேயே கையெழுத்திட்டார்கள்.

மெக்னாலியை 1974 டிசம்பரில் மான்ட்ரியல் எக்ஸ்போஸுக்கு மாற்றினார்கள். ஒப்பந்தத்தில் உடன்பாடு வரவில்லை. கையெழுத்துப் போடாமலே ஆடினார், கை ஒத்துழைக்கவில்லை, ஜூனில் ஆட்டத்தை விட்டு ஊருக்குப் போய்விட்டார். அதே ஆண்டு டாட்ஜர்ஸின் ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித்தும் கையெழுத்திடாமல் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவர் மார்வின் மில்லருக்கு ஒரு கவலை: கடைசி நேரத்தில் டாட்ஜர்ஸ் பெரும் பணம் கொடுத்து மெஸ்ஸர்ஸ்மித்தை மடக்கிவிட்டால் வழக்கே இல்லாமல் போகும். பில்லிங்ஸுக்குப் போன் போட்டார். உங்கள் பெயரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டார். மெக்னாலி சம்மதித்தார்.

செய்தி தெரிந்ததும் எக்ஸ்போஸ் தலைவர் ஜான் மெக்ஹேல் பில்லிங்ஸுக்கே வந்து சேர்ந்தார். கையெழுத்திட்டால் உடனே 25,000 டாலர்; ஆட வந்தால் 1,25,000 டாலர் சம்பளம். இனி வீசப்போவதில்லை என்று முடிவெடுத்துவிட்ட மனிதருக்கு இது சும்மா வரும் பணம். மெக்னாலி மறுத்தார். ஆட மனமில்லாத இடத்தில் ஆடுவேன் என்று கையெழுத்துப் போட அவர் தயாராக இல்லை. வெல்வதால் அவருக்கு ஒரு காசு லாபம் கிடையாது. இதை எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

1975 டிசம்பர் 23 அன்று நடுவர் பீட்டர் சைட்ஸ், ஓராண்டு என்றால் ஓராண்டுதான் என்று தீர்ப்பளித்தார். முதலாளிகள் அவரை உடனே வேலையிலிருந்து நீக்கினார்கள். தீர்ப்பை நீக்க முடியவில்லை. சராசரிச் சம்பளம் அன்று சுமார் 45 ஆயிரம் டாலர். இன்று 40 லட்சத்துக்கும் மேல்.

இப்போது மேடக்ஸைப் பாருங்கள். 1992 டிசம்பரில் கப்ஸை விட்டு, யாங்கீஸ் காட்டிய பெரிய தொகையையும் விட்டு, தானே தேர்ந்தெடுத்து அட்லாண்டாவுக்குப் போனார். 2011இல் 102 ஆட்டங்களை வென்ற பிலடெல்பியாவின் வரிசையில் ராய் ஹாலடேயோடும் கோல் ஹாமல்ஸோடும் நின்ற கிளிஃப் லீயும் அப்படியே வந்தவர். மெஸ்ஸர்ஸ்மித்தும் மெக்னாலியும் திறந்த கதவு இல்லையென்றால் மேடக்ஸ் நினைத்த ஊருக்குப் போயிருக்க முடியாது. முதலிடத்து வரிசையே இந்த உருவில் இருந்திருக்காது. மெஸ்ஸர்ஸ்மித் 1976இல் சேர்ந்த புதிய அணியும் அட்லாண்டா பிரேவ்ஸ்தான்.

மெக்னாலி பில்லிங்ஸிலேயே கார் விற்பனை நிலையம் நடத்தினார், 2002இல் இறந்தார். மார்வின் மில்லரைப் புகழ்க்கூடத்துக்குத் தேர்ந்தெடுக்கவே 2019 ஆனது. அவர் இறந்து அப்போது ஏழு ஆண்டு. மெக்னாலிக்கு அங்கே இன்னும் இடமில்லை. அவருடைய 184 வெற்றிகள் போதாது என்கிறார்கள். வெற்றிகளோடு அந்த 25,000 டாலரையும் சேர்த்து எண்ணச் சொல்கிறேன்.