கூடப் போனவனுக்கும் ஆயுள் தண்டனை!

"நான் கத்தியைத் தொடவே இல்லீங்க. சும்மா கூடப் போனேன்."

கோஷ்டி மோதலில் பிடிபடும் வாலிபர்கள் போலீஸ் நிலையத்தில் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். கோர்ட்டு வாசலில் தாய்மார்களும் இதையே சொல்லி அழுகிறார்கள். சட்டம் இதற்கெல்லாம் இரங்கி விடாது.

டீக்கடையில் வாய்த்தகராறு. தெருவுக்கு ஆள் போகிறது. உருட்டுக்கட்டை, சோடா பாட்டிலோடு கும்பல் திரும்பி வருகிறது. எவனோ ஒருவன் "சதக்" என்று குத்துகிறான். ஒரு உயிர் போய்விட்டது. குத்தியவன் ஒருவன். கம்பி எண்ணப் போவது எத்தனை பேர்?

5 பேர்

குற்ற நோக்கத்தோடு 5 பேரோ, அதற்கு மேலோ கூடினால் அது சட்ட விரோதக் கூட்டம். அந்த நோக்கத்துக்காக ஒருவன் கொலை செய்தால் கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் பங்கு உண்டு. கொலை நடக்கக்கூடும் என்று தெரிந்திருந்தாலே போதும். பழைய தண்டனைச் சட்டத்தில் இது 149-வது பிரிவு. 1-7-2024 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 190-வது பிரிவு. நம்பர்தான் மாறியது; பிடி தளரவில்லை.

வேடிக்கை பார்த்தவன் இதில் சேர மாட்டான். ஆனால், புகாரில் அவன் பெயரும் ஏறிவிடுகிறதே! முன்விரோதம் இருந்தால் வெளியூரில் இருந்த அண்ணன் பெயர்கூட வரும். யார் எங்கே நின்றான், கையில் என்ன இருந்தது என்று போலீசார் முதல் நாளே துருவி விசாரிக்க வேண்டும். இல்லாவிட்டால் நிரபராதி ஜெயிலில் வாடுவான், குத்தியவன் சந்தேகத்தின் பலனில் வெளியே வருவான்.

ஒரே குத்து

"ஒரு குத்துதானே? சாகடிக்க நினைக்கலையே!" என்பார்கள். பஞ்சாபில் 1955-ம் ஆண்டு ஜூலையில் ஈட்டியால் ஒரே குத்து. மறுநாள் ஆள் செத்துப் போனார். 6 பேர் மீது வழக்கு. 5 பேரை ஐகோர்ட்டு விடுதலை செய்தது. குத்திய விர்சா சிங்கின் ஆயுள் தண்டனையை 1958-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. வேண்டும் என்றே குத்தி, அந்தக் காயம் உயிரைப் பறிக்கப் போதுமானதாக இருந்தால் அது கொலைதான்.

முன்யோசனை இல்லாத திடீர் சண்டை, ஆத்திரம், கொடூரம் காட்டவில்லை என்றால் தண்டனை குறையும். வீட்டுக்கு ஓடி அரிவாளோடு வந்தவன் அந்தச் சலுகையைக் கேட்டுப் பயன் இல்லை.

60 நாள்

செஷன்ஸ் கோர்ட்டு தண்டித்தால் 60 நாளில் ஐகோர்ட்டில் அப்பீல் செய்ய வேண்டும். தூக்கு என்றால் 30 நாள். தீர்ப்பு நகல் கிடைக்க ஆகும் நாட்கள் கணக்கில் சேராது. தண்டனையை நிறுத்தி வைத்து ஜாமீனும் கேட்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லையா? ஜெயில் அதிகாரி மூலமே அப்பீல் மனு போகும். சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தாலியை அடகு வைத்து புரோக்கர்களிடம் கொடுக்க வேண்டியதே இல்லை!

செத்தவர் வீட்டுக்கும் வழி இருக்கிறது. எதிரிகள் விடுதலையானால் அந்தக் குடும்பமே அப்பீல் செய்யலாம். 2009 கடைசியில் வந்த உரிமை இது. சர்க்கார் வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று நம்பி, நாளைக் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம்.