எச்சரிக்கை வந்தது... ஆனால்?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "நாட்டின் பாதுகாப்பைப் பற்றி ஜனாதிபதிகள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று எழுதப் போகிறேன்" என்றேன். ஹாஸ்டலில் ஒரே சிரிப்பு. "மெஷின்ஸ் பேப்பர்லயே அரியர் வெச்சிருக்கே, உனக்கு ஜனாதிபதிக்கு யோசனை சொல்ற வேலையா?" என்றான் ஒருவன்.

சிரிக்கட்டும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி வந்த முதல் ஆள் நான். பெரிய விஷயங்களைப் பேச எனக்கு என்ன தகுதி என்று நானே பல நாள் நினைத்ததுண்டு. ஆனால் இந்த விஷயம் எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. பாதி என் அப்பாவின் இடது கையிலிருந்து வந்தது. மீதி என் நண்பனின் வீட்டிலிருந்து வந்தது.

அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். கம்பிக் கட்டைத் தூக்கும் கிரேன் செயினில் ஒரு கண்ணி விரிந்துகொண்டே வந்தது. கிரேன் ஆபரேட்டர் அதை லாக் புக்கில் மூன்று நாள் தொடர்ந்து எழுதினார். மூன்று நாளும் அதன் கீழே மேலதிகாரியின் கையெழுத்து விழுந்தது. செயின் மட்டும் மாறவில்லை. நான்காம் நாள் நைட் ஷிப்டில் கட்டு சரிந்தது. அப்பாவுக்கு இரண்டு விரல் போயிற்று. விசாரித்தபோது ஆளாளுக்கு ஒரே பதில்: "என்கிட்ட யாரும் சொல்லலையே!"

அப்பா யாரையும் திட்டவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: "எழுதறவன் எழுதிட்டான். கையெழுத்துப் போட்டவனும் போட்டுட்டான். நடுவுல என் வெரலு மாட்டிக்கிச்சு. நீ படிச்சு, கையெழுத்துப் போடற எடத்துக்குப் போ. ஆனா போடறதுக்கு முன்னாடி இன்னா எழுதியிருக்குன்னு படி."

இனி நண்பனின் வீட்டுக்கு வருகிறேன். அவன் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவன். அவன் அம்மாவுக்குத் திருகோணமலை. சித்தி மட்டக்களப்பில் இருக்கிறார். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. அன்று காலை முகாமில் எல்லாப் போனும் ஒரே நேரத்தில் அடித்தன. கொழும்பு கொச்சிக்கடை அந்தோணியார் கோயில், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று பெரிய ஹோட்டல்கள்... எல்லா இடத்திலும் தற்கொலைக் குண்டு. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பலர் குழந்தைகள். சித்தி பிழைத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை திரும்பி வரவில்லை.

"யுத்தம் முடிஞ்சு பத்து வருஷமாச்செண்டுதானே பிள்ளையளைப் பயமில்லாமல் அனுப்பினவை" என்று அவன் அம்மா அழுததை நான் மறக்கவில்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஏன் நடந்தது என்று புரியவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தபோதுதான் அப்பாவின் லாக் புக் நினைவுக்கு வந்தது.

ஏனென்றால், தோழர்களே, எச்சரிக்கை வந்திருந்தது!

ஒருமுறை அல்ல, பலமுறை வந்தது. குண்டு வைத்த கும்பலின் தலைவன் சஹ்ரான் காத்தான்குடிக்காரன். அவனைப் பற்றி அந்த ஊர் முஸ்லிம் மக்களே போலீசில் புகார் சொல்லியிருந்தார்கள். 2017 மார்ச்சில் அங்கு நடந்த மோதலுக்குப் பிறகு அவன் தலைமறைவானான். (பின்னால் ஒரு சமூகத்தையே குற்றவாளியாகப் பார்த்தவர்கள் இதை மறந்துவிட்டார்கள்.) 2019 ஜனவரியில் புத்தளம் மாவட்டம் வணாத்தவில்லுவில் ஒரு தென்னந்தோப்பில் சுமார் 100 கிலோ வெடிமருந்து பிடிபட்டது. ஏப்ரல் 4ஆம் தேதி இந்திய உளவுத்துறையிலிருந்து தகவலே போனது. ஏப்ரல் 11ஆம் தேதி போலீசுக்குள் அது கடிதமாகவும் சுற்றியது. அதில் தேவாலயங்கள் குறிவைக்கப்படலாம் என்று இருந்தது. சஹ்ரானின் பெயரும் இருந்தது.

பிறகு ஏன் தடுக்கவில்லை?

இலங்கையில் 1978 அரசியலமைப்புப்படி ஜனாதிபதிதான் நிர்வாகத் தலைவர். நம் நாட்டில் அப்படியில்லை. நம் அரசியலமைப்பின் 53ஆவது பிரிவு முப்படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் கொடுத்தாலும், 74ஆவது பிரிவின்படி அவர் அமைச்சரவை சொல்வதன்படி நடக்கிறார். இங்கே முடிவெடுப்பது பிரதமர் தலைமையில் பாதுகாப்பு, உள்துறை, வெளியுறவு, நிதி அமைச்சர்கள் உட்காரும் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு. இலங்கையிலோ 2019இல் மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதி. பாதுகாப்பு அமைச்சரும் அவரே. போலீஸ் துறையும் அவரிடமே இருந்தது. தேசியப் பாதுகாப்புச் சபையைக் கூட்டுவதும் அவரே.

2018 அக்டோபர் 26ஆம் தேதி அவர் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், டிசம்பரில் ரணில் மீண்டும் பிரதமரானார். நாற்காலி திரும்பக் கிடைத்தது. ஆனால் பாதுகாப்புச் சபைக் கூட்டத்துக்கு அவருக்கு அழைப்பு வரவில்லை. பாதுகாப்பு ராஜாங்க அமைச்சரையும் கூப்பிடவில்லை. போலீஸ் மாஅதிபரையும் கூப்பிடவில்லை! போலீஸ் தலைவரே இல்லாத பாதுகாப்புக் கூட்டம் எப்படி இருக்கும்? சர்க்யூட் பிரேக்கர் இல்லாத சுவிட்ச்போர்டு மாதிரி இருக்கும்.

எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஃபால்ட் வந்தால் ரிலே கண்டுபிடிக்கும். ஆனால் ரிலேயால் லைனை வெட்ட முடியாது. அது பிரேக்கருக்குச் சிக்னல் கொடுக்க வேண்டும், பிரேக்கர் திறக்க வேண்டும். நடுவில் ஒரு ஒயர் அறுந்திருந்தால் ரிலே எவ்வளவு நல்ல கம்பெனியாக இருந்தாலும் பயனில்லை. இலங்கையில் ரிலே வேலை செய்தது. ஒயரை அறுத்தது அரசியல் கோபம்.

ஏப்ரல் நடுவில் சிறிசேன தனிப்பட்ட பயணமாகத் திருப்பதிக்கு வந்தார். நம் திருத்தணியைத் தாண்டினால் திருப்பதிதானே! அங்கே சாமி கும்பிட்டுவிட்டுச் சிங்கப்பூர் போனார். குண்டு வெடித்தபோது அவர் நாட்டில் இல்லை. பிறகு அவர் சொன்னது என்ன தெரியுமா? தனக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான். எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை?

அந்தப் பதிலை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2023 ஜனவரி 12இல் இலங்கை உச்ச நீதிமன்றம், கடமை தவறியதற்காகச் சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. போலீஸ், உளவுத்துறை, பாதுகாப்பு அமைச்சின் முன்னாள் அதிகாரிகளும் தர வேண்டும் என்றது. சொல்லவில்லை என்பது சாக்கு ஆகாது; சொல்வதற்கு வழி வைத்திருக்க வேண்டியது தலைவனின் வேலை. நான் அந்தத் தீர்ப்பை இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இதை என் ரூம்மேட்டிடம் சொன்னபோது அவன் எதிர்த்தான். "நாலு பேரைக் கூப்பிட்டா நாலு கருத்து வரும். பாதுகாப்பு விஷயத்துல ஒரே ஆள் டக்குனு முடிவெடுத்தாதான் ஆகும்" என்றான். நியாயமான கேள்விதான். இலங்கை மக்களும் அப்படித்தான் நினைத்தார்கள். குண்டுவெடிப்புக்குப் பிறகு 2019 நவம்பரில் 'பலமான ஆள்' என்று கோத்தபய ராஜபக்சவைத் தேர்ந்தெடுத்தார்கள். 2021இல் இரசாயன உரத்துக்குத் திடீர்த் தடை வந்தது. விவசாயிகளும் விஞ்ஞானிகளும் எச்சரித்தது காதில் ஏறவில்லை. 2022 ஜூலையில் அந்தப் பலமான ஆள் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று.

முடிவு ஒருவர் எடுக்கலாம். ஆனால் கேட்பது பலரிடம் கேட்க வேண்டும். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியைப் பாருங்கள். 1961 ஏப்ரலில் கியூபாவில் பன்றிகள் விரிகுடாப் படையெடுப்பில் மூன்றே நாளில் தோற்றுப்போனார். சந்தேகம் இருந்த ஆலோசகர்கள் வாய் திறக்கவில்லை, அல்லது திறந்தது எடுபடவில்லை. அதே கென்னடி 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்ததும் ஒரு குழுவைக் கூட்டினார். தான் இருந்தால் மற்றவர்கள் மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்று சில கூட்டங்களுக்குப் போகாமலே இருந்தார். உடனே குண்டு போட வேண்டும் என்ற தளபதிகளையும் கேட்டார், வேண்டாம் என்றவர்களையும் கேட்டார். கடைசியில் கடல் முற்றுகையைத் தேர்ந்தெடுத்தார். 13 நாளில், அணுகுண்டு வெடிக்காமல் விஷயம் முடிந்தது. ஆள் அதே ஆள்தான். மாறியது கூட்டம் நடத்தும் முறை!

நம் நாட்டிலும் உதாரணம் உண்டு. 1971இல் உடனே கிழக்குப் பாகிஸ்தானுக்குள் போகச் சொன்னபோது, படை தயாராக இல்லை, மழைக்காலம் வருகிறது என்று இந்திரா காந்தியிடம் மறுத்துப் பேசியதாகத் தளபதி மானெக்ஷா பிற்காலத்தில் சொன்னார். போர் டிசம்பரில் நடந்தது. 16ஆம் தேதி டாக்காவில் வெற்றி. கார்கிலில் 1999இல் ஊடுருவலை நாம் தாமதமாகத்தான் கண்டுபிடித்தோம். ஆனால் போர் முடிந்த கையோடு, திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு போட்டு, எங்கே ஓட்டை என்று எழுதச் சொன்னார்கள். சில பகுதிகளை நீக்கிவிட்டு, 2000இல் அதை நாடாளுமன்றத்திலும் வைத்தார்கள். தப்பு நடப்பது இயல்பு. அதை எழுத ஆள் வைப்பது முக்கியம்.

வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். கண்டித்துச் சொல்ல ஆள் இல்லாத அரசனைக் கெடுக்க எதிரியே வேண்டாம் என்பது அவர் கருத்து. பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோம். மட்டக்களப்பைப் படித்த பிறகுதான் எனக்கு அர்த்தம் தெரிந்தது.

நாம் யாரும் ஜனாதிபதி ஆகப் போவதில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் இன்னும் இரண்டு வருஷத்தில் நம்மில் பலர் இதே சிப்காட்டில் ஷிப்ட் இன்சார்ஜ் ஆவோம். நம் முன்னால் ஒரு லாக் புக் இருக்கும். அதில் ஒரு கிரேன் ஆபரேட்டரோ, நம்மைவிடக் குறைவாகப் படித்த ஹெல்பரோ எதையாவது எழுதியிருப்பார். அவருக்கும் நமக்கும் முந்தின நாள் சண்டைகூட நடந்திருக்கலாம். அப்போது என்ன செய்வோம்?

பழக்கத்தை இங்கேயே ஆரம்பிக்கலாம். நம் மாணவர் பேரவையைக் கேட்கிறேன்: தேர்தலில் தோற்ற அணியைச் சேர்ந்த ஒருவரையாவது அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். முதலாண்டு மாணவர்களிலிருந்து ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர்கள் சொல்வதை மினிட்ஸில் எழுதுங்கள்.

எழுதியதைப் படித்துவிட்டு, பிறகு கையெழுத்துப் போடுங்கள்!

— இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை