பாசிக்கு மீன் வாங்குமுன்

நம் சங்க அன்பர்கள் சிலருடைய வீட்டுக் கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில் இப்போது உப்புநீர் மீன் தொட்டி இடம் பிடித்திருக்கிறது. தங்கமீன் போய்க் கோமாளி மீன் வந்துவிட்டது. 2003-இல் ‘ஃபைண்டிங் நீமோ’ படம் பார்த்த பிள்ளைகள் இன்று சம்பாதிக்கிறவர்களாகிவிட்டதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆசையில் தப்பில்லை. ஆனால் தொட்டி வைத்த இரண்டாம் மாதமே எல்லா வீட்டிலும் ஒரே புலம்பல்: “கண்ணாடியெல்லாம் பழுப்பு, கல்லெல்லாம் பச்சை முடி. பாசி தின்கிற மீன் எது சார்?”

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன்னால் வேறு இரண்டு மூன்று கேள்விகள் இருக்கின்றன என்பது என் கட்சி.

பாசி ஏன் வருகிறது? மீன் இல்லாததால் அல்ல. தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுந்து, விளக்கும் நீண்ட நேரம் எரிவதால் வருகிறது. விருந்தாளி வரும்போதெல்லாம் ஒரு சிட்டிகை தீனி போட்டு மீனை மேலே வரவழைத்துக் காட்டுகிறோம் அல்லவா, அந்தச் சிட்டிகைதான் பத்து நாள் கழித்துப் பச்சையாக முளைக்கிறது. டாங்கர் தண்ணீரிலும் போர் தண்ணீரிலும் உப்பைக் கரைத்து ஊற்றுகிற வீடுகளில் கேட்கவே வேண்டாம். பாசி தின்னும் மீனும் தின்றதைக் கழிவாக அதே தண்ணீரில்தான் விடும். சத்து தொட்டியை விட்டு வெளியேற வேண்டுமானால், தண்ணீரை மாற்ற வேண்டும், ஸ்கிம்மர் ஓட வேண்டும், முடிப்பாசியை நாமே கையால் பிய்த்தெடுத்து வெளியே போட வேண்டும். மீனைத் துடைப்பமாக நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் படியும் பழுப்புத் தூள் டயாட்டம் என்ற நுண்பாசி. பெரும்பாலும் அது தானாகவே வந்து தானாகவே போய்விடும். அதற்கு மீன் வாங்குவது காசைக் கடலில் போடுவதுதான். செம்பழுப்பாய் வழவழவென்று போர்வை போல் மூடுவது பாசியே அல்ல. சயனோபாக்டீரியா என்கிற நுண்ணுயிர்க் கூட்டம். அதைத் தின்று தீர்க்கும் மீன் எதையும் நம்பி வாங்க முடியாது. “எல்லாப் பாசியையும் தின்னும்” என்று யாராவது ஒரு மீனைக் காட்டினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். நன்னீர்த் தொட்டியில் கண்ணாடியை உறிஞ்சும் சக்கர் மீனையே உப்புத் தண்ணீருக்கும் கேட்கிறவர்கள் உண்டு. பாவம், அது உப்பில் பிழைக்காது.

இனி, கடையில் கண்ணைப் பறிக்கிற சர்ஜன் மீன்களைப் பார்ப்போம். வால் அடியில் அறுவைக் கத்தி போன்ற முள் இருப்பதால் அந்தப் பெயர். டாங் என்றும் சொல்வார்கள். மஞ்சள் டாங், பவுடர் புளூ டாங் இரண்டும் முடிப்பாசியை நன்றாக மேயும், மறுப்பதற்கில்லை. ஆனால் பவளத்திட்டின் மேல் நாள் முழுக்க நீந்தித் திரிகிற ஜாதி அது. நம் ஃப்ளாட்டில் எவ்வளவு பெரிய தொட்டி வைக்க முடியும்? நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 250 லிட்டர். கல், கண்ணாடி, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். இதற்கே சொசைட்டி செக்ரெட்டரி முகம் சுளிப்பார். டாங்குக்கு 400 லிட்டருக்குக் குறைவாகக் கொடுப்பதை அனுபவசாலிகள் ஒப்புவதில்லை. நெருக்கடியில் அது மற்ற மீன்களைக் குத்தும், வெண்புள்ளி நோய் கண்டு துவளும். பவுடர் புளூவுக்கு அந்த நோய் கூப்பிடாமலே வரும். “இப்போது சின்னதுதான், தொட்டிக்குத் தகுந்தபடி வளரும்” என்ற பேச்சை நம்பாதீர்கள். வளர்ச்சி குன்றுவது தகவமைப்பல்ல, நோவு.

இன்னொன்று. மஞ்சள் டாங் கடலில் நாற்பது ஆண்டு வரை வாழக்கூடியது. அதைப் பண்ணையில் பொரிக்கவைத்து வளர்ப்பது முதன்முதலாக 2015-இல்தான் ஹவாயில் கைகூடியது. கோமாளி மீனை நம் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திலேயே இனப்பெருக்கம் செய்துவிட்டார்கள். சர்ஜன் மீன்களிலோ இன்றும் பெரும்பாலானவை கடலிலிருந்து பிடித்தவை. “பிடித்தாயிற்று, நாம் வாங்காவிட்டால் இன்னொருவர் வாங்குவார்” என்பார்கள். அப்படியல்ல. நாம் காலி செய்கிற தொட்டியைப் பார்த்துத்தான் கடைக்காரர் அடுத்த மீனுக்குச் சொல்லி அனுப்புகிறார்.

நரிமுகம் என்கிற ஃபாக்ஸ்ஃபேஸ் நம் ஊர்க் கடற்கரையில் ‘ஓரா’ என்பார்களே, அந்த இனம். முடிப்பாசி தின்பதில் கெட்டி. ஆனால் முதுகு முள்ளில் விஷம்; தொட்டிக்குள் கை விடுகிற பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகாது. ஒரு சாணுக்கும் வளரும். அதுவும் பெரிய தொட்டிக்காரர்களுக்கே.

மிஞ்சுவது பிளென்னி. புல்வெட்டி பிளென்னி என்று சொல்லிக் கேட்டால் கிடைக்கும். சாஸ்திரப் பெயர் சலாரியாஸ் ஃபாசியேட்டஸ். அழகு போதாது, தவிட்டு நிறம், தவளை மூஞ்சி. ஆனால் கல்லின் மேல் குந்திக்கொண்டு கண்ணை உருட்டிப் பார்ப்பதும், சீப்புப் பல்லால் கண்ணாடியைச் சுரண்டிக் கோலம் போட்டுவிட்டுப் போவதும் மணிக்கணக்கில் பார்க்கலாம். 14 சென்டிமீட்டருக்கு மேல் வளராது, 150 லிட்டரிலேயே காலம் தள்ளும். ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். இரண்டு விட்டால் சண்டை. குதிக்கும், எனவே மூடியோ வலையோ தேவை. நம் வீடுகளுக்கு நான் சிபாரிசு செய்வது இதை ஒன்றைத்தான். அதுவும் புதுத் தொட்டியில் அல்ல. நாலைந்து மாதம் ஆகிக் கல்லில் படலம் பிடித்த பிறகு.

கல் என்றதும் ஒரு எச்சரிக்கை. மன்னார் வளைகுடாவின் தீவுகளைச் சுற்றி 1986-இலேயே கடல் தேசியப் பூங்கா அமைத்தார்கள். 2001-இல் கல் பவளங்களை எல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்த்தார்கள். சில சங்கு, நத்தை இனங்களும் பட்டியலில் உண்டு. ஆகவே ராமேஸ்வரம் போய்வந்த உறவினர் அன்போடு கொண்டுவரும் பவளத் துண்டு தொட்டிக்கு அலங்காரமல்ல, குற்றம். பீங்கானிலும் சிமென்ட்டிலும் செய்த கற்கள் கடையில் கிடைக்கின்றன. ஆறு மாதத்தில் எது அசல் என்று நமக்கே தெரியாது.

பிளென்னி வாங்கும்போது அவசரப்படாமல் வயிற்றைப் பாருங்கள். உள்வாங்கியிருந்தால் பட்டினி கிடந்தது என்று அர்த்தம், வேண்டாம். கடையிலேயே எதையாவது சுரண்டித் தின்கிறதா என்று கால் மணி நேரம் நின்று பாருங்கள். வீட்டில் பாசி தீர்ந்த பிறகுதான் உண்மையான சோதனை வரும். பளிச்சென்ற தொட்டியில் இந்த மீன் மெல்ல மெல்லப் பட்டினியால் சாகும். நாமோ “தொட்டி சுத்தமாகிவிட்டது” என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம். உப்பும் எண்ணெயும் மசாலாவும் சேராத நோரி என்னும் கடற்பாசித் தாள் பெரிய கடைகளில் விற்கிறது. ஒரு சிறு துண்டைக் கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுங்கள், அல்லது கல்லில் ரப்பர் பாண்டால் கட்டிவிடுங்கள். முதல் இரண்டு நாள் சீண்டாது. மாலையில் மிச்சத்தை எடுத்துவிட்டு, மறுநாள் புதிது வையுங்கள். மூன்றாம் நாள் கடித்துப் பார்க்கும்.